இரண்டு டாக்டர்களின் மருந்து

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவை விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனத்தில் இருந்த என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கோலியனூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த மனுஷர். இருதயம் பலவீனம், காலெல்லாம் வீக்கம். கிளம்பும்போது டாக்டர், "மாத்திரைய நாள் தவறாம குடும்மா. இன்னொரு தடவ இங்க வந்து படுத்தா நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றார்.

காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, மூன்று வேளை மிக்சர் மருந்து. பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஒட்டியிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் ஊற்றுவேன். ஒரு சொட்டு கூடினாலும் பயம். அப்படிப்பட்ட ஆள்தான் நான்!

பத்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை. எங்கள் தெருக்கோடி டாக்டரிடம் காட்டலாம் என்றாள் என் நாத்தனார். புறப்படும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "விழுப்புரத்துல காட்டிக்கினு இருக்கறத இவருகிட்ட சொல்லித் தொலைக்காத. அப்ப அங்கயே போன்னு தொரத்திடுவாரு. டாக்டருங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு டாக்டர் எதிரில் இன்னொரு டாக்டரின் பேச்சை எடுப்பது மரியாதைக் குறைவு. "இதுவரைக்கும் மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?" என்று தெருக்கோடி டாக்டர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். கூசாமல் சொன்னேன். கம்பவுண்டர் மாத்திரைகளைப் பொடித்து, பத்துப் பொட்டலமாக மடித்து, தீர்ந்ததும் வரச் சொல்லி, மருந்து எழுதிய சீட்டையும் கையில் கொடுத்தார். அந்தப் பொடியையும் கொடுத்தேன், பழைய மாத்திரையையும் நிறுத்தவில்லை. இரண்டு டாக்டர் மருந்தும் சேர்ந்தால் ஜல்தியாகக் குணமாகும் என்று என் மூளை சொன்னது.

நாலாம் நாள் அப்பா கேப்பைக் கூழைத் தள்ளிவிட்டார். மறுநாள் குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. அதற்கும் மறுநாள் வெள்ளை வெளேரென்ற சோற்றைப் பார்த்து, "ஏம்மா, சோத்துல எதுக்கு மஞ்சத்தூளு போட்ட?" என்றார். மஞ்சள் காமாலை என்றாள் நாத்தனார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அதையும் புகட்டினேன். அன்று மாலை மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி விட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அடித்தது.

ரயிலில் படுக்கவைத்துத் திரும்பவும் விழுப்புரம். அதே வார்டு, அதே டாக்டர். வரக்கூடாது என்று அவர் சொன்ன இடத்துக்கு நானே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். "மாத்திரைய ஒழுங்கா குடுக்கலையா? இல்ல, வேற எதையாவது குடுத்தியா?" என்று அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஈனக்குரலில் சொன்னார்: "வேற ஒண்ணும் குடுக்கலீங்க. என் பொண்ணு நல்லாத்தான் பாத்துக்கினா."

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம், பாவி மனுஷர். டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நர்ஸ் உள்ளங்கையில் அந்த வெள்ளை மாத்திரையோடு வந்தாள். அப்பா வாயைத் திறந்தார். "ஐயோ, குடுக்காதீங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். மடியில் முடிந்து வைத்திருந்த மிச்சப் பொட்டலங்களையும் திண்டிவனத்துச் சீட்டையும் கட்டிலில் கொட்டினேன். டாக்டர் சீட்டைப் படித்தார். மாத்திரையும் பொடியும் ஒரே மருந்துதான்; அளவு மிஞ்சியதால்தான் வாந்தியும், கண்ணுக்குச் சோறு மஞ்சளாகத் தெரிந்ததுமாம். "பெத்த அப்பனுக்குத் தினமும் விஷம் குடுத்திருக்கியேம்மா" என்றார்.

எப்படியோ பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்னோடுதான் இருந்தார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் நான் மாத்திரையை நீட்டும்போது, என் இன்னொரு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்பார்: "இது ஒண்ணுதானேம்மா?"