என் பெயரில் ஒரு சின்னக் குழி

முதலில் இறுகியது கல்யாண மோதிரம். சோப்புப் போட்டு உருவினேன், எண்ணெய் போட்டு உருவினேன், வரவில்லை. அடுத்தது கால். காலையில் செருப்புக்குள் நுழைந்த பாதம் மத்தியானம் நுழையவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்சில் எங்கள் வரிசையில் இருந்த பெண்களுக்கு ஒரே சந்தோஷம். "நீர் கோத்த ஒடம்பு, ஆம்பளப் புள்ளதான்" என்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

அப்போது வயிற்றில் ஆறு மாதம். ரப்பர் விலை சரிந்து, வேலை போன தோட்டத்துச் சனங்கள் சொந்த ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியத்துக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை இருந்ததே பெரிய பாக்கியம் என்று இருந்தோம். தலைவலியை யார் கவனித்தார்கள்? கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்ததை வெயில் என்று விட்டேன்.

இதைப் படிக்கிற பெண்ணே, சுமந்திருக்கும்போது உன் முகம் வீங்கி, தலை பிளந்து, கண்ணில் பூச்சி பறந்தால் யார் பேச்சையும் கேட்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டி இல்லையா, நடந்து போ. நான் போகவில்லை. அதற்குப் பிறகுதான் இவ்வளவும் நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை குழாயடியில் விழுந்தேன். குடம் உருண்ட சத்தம் வரை எனக்கு நினைவிருக்கிறது. மற்றது பிறர் சொல்லித் தெரிந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். நாக்கை நானே கடித்து, ரத்த நுரை கழுத்துவரை வழிந்ததாம். என் வீட்டுக்காரர் ஓடிவந்து அகப்பைக் காம்பை வாய்க்குள் திணித்திருக்கிறார். காம்பு முறிந்தது, என் முன்பல் இரண்டும் உடைந்தன. நாலு ஆண்கள் அமுக்கிப் பிடித்து என்னை லோரியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலெல்லாம் மூடிய ஓர் இருட்டறை. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும், ஒரு கதவு அடித்தாலும் அடுத்த வலிப்பு வந்துவிடுமாம். துணிக் கயிற்றால் என்னைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இழுத்த இழுப்பில் மணிக்கட்டுத் தோல் உரிந்துவிட்டது. என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சூடாக்கினார்கள். அவித்த முட்டையின் வெள்ளைபோல் அது உறைந்து நின்றது. நோயின் பெயர் கர்ப்ப வலிப்பு (சுமந்திருக்கும் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறி மூளையைத் தாக்குவது). மூன்று நாளில் ஒன்பது முறை இழுத்தது. ஒவ்வொன்றும் என்னை அடித்துத் துவைத்துப் போட்டுவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் மத்தியானம் நினைவு திரும்பியது. கண் திறக்க முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது. அறை வாசலில் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். ஒருவர் மெட்ராசில் படித்துவிட்டு வந்த தமிழ் டாக்டர். இன்னொருவர் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சாமியார். அவர் பிரெஞ்சு தேசத்தவர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். எழுத்துத் தமிழ்தான் பேசுவார்.

"புள்ள வெளிய வந்தா வலிப்பு நிக்கும். ஆனா ஆறு மாசப் புள்ள பொழைக்காது" என்றார் டாக்டர். "எடுக்காம விட்டா ரெண்டும் போயிரும்."

"குழந்தை யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அதன் உயிரைப் பறித்துத் தாயைக் காப்பாற்ற நமக்கு அதிகாரம் இல்லை" என்றார் சாமியார். "இருவரையும் காக்க முயலுங்கள். மற்றது ஆண்டவர் கையில்."

"ரெண்டையும் காப்பாத்த வழி இருந்தா நான் ஏன் சாமி இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்? நானும் வேதக்காரன்தான், மெதடிஸ்ட் சபை. கொலை செய்யாதேன்னு எங்க வேதத்துலயும் அதேதான் எழுதியிருக்கு. கையைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரு சாவறதைப் பார்த்துக்கிட்டு நின்னா, அதுக்கு யார் பதில் சொல்றது?"

"என்னைய ஒன்னும் கேக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க" என்று என் வீட்டுக்காரர் அழுதார்.

உயிரின் விலையை வாசலில் நின்று மூன்று ஆண்கள் பேசினார்கள். அந்த உயிர் நாலடி தள்ளிக் கட்டிலில் கட்டிக் கிடந்தது. அதை ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் சாமியார் உள்ளே வந்தார். அதற்குள் என் கண் பாதி திறந்திருந்தது. பையிலிருந்து எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். அவஸ்தைப் பூசுதல் (சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செய்யும் சடங்கு) நோயாளிக்கு ஆறுதல் தருவதற்காக என்று கோயிலில் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் சனத்தின் மண்டையில் ஏறாது. எண்ணெய் நெற்றியில் பட்டால் ஆள் முடிந்தது என்றுதான் அர்த்தம். அவருடைய கட்டைவிரல் என் நெற்றிக்கு வந்ததும் எனக்குள் ஒரு பிசாசு எழுந்தது. துணி மாற்றுவதற்காக மிஸ்ஸி (நர்ஸ்) என் வலது காலை அவிழ்த்து வைத்திருந்தாள். ஓங்கி ஓர் உதை விட்டேன். சிமிழ் பறந்துபோய் சுவரில் அடித்தது. சாமியார் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"சாவ மாட்டேன்!" கிழிந்த நாக்கால் கத்தினேன். "எடுங்க டாக்டர்! எடுத்துருங்க!"

வலிப்பில் உளறினாள் என்று பின்னால் பலர் எனக்காகச் சாக்குச் சொன்னார்கள். நான் உளறவில்லை. என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டேன். கேட்டபோது வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உடனே முகத்தில் துணியைப் போட்டு குளோரோபாம் (சொட்டுச் சொட்டாக விடும் மயக்க மருந்து) விட்டார்கள். விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. தொப்புளுக்குக் கீழே நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டர் கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே உள்ளயே செத்துப்போச்சு, ஞானப்பூ. நாம ஒன்னும் பண்ணல."

சாமியாரிடமும் அப்படியே சொல்லியிருந்தார். வீங்கிய மூக்கோடு அவர் வந்து என் தலையில் கை வைத்து, "அப்படியானால் உன்மேல் பழி இல்லை, மகளே" என்றார். உதைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. அது கோயில் சட்டம். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, லாலான் புல் மண்டிய இடத்தில், என் வீட்டுக்காரரே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

தேறுவது என்பதும் ஓர் அடிதடிதான். தையலில் சீழ் வைத்து இரண்டு முறை பிரித்துக் கட்டினார்கள். நாலாம் நாள் மாரில் பால் கட்டியது. குடிக்க ஆளில்லை என்று மாருக்கு யார் சொல்வது? துணியால் இறுக்கிக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடிக்கவும் பாதிப் பல்தான் இருந்தது. இடது கண்ணில் ஓரம் இருண்டது, இருண்டதுதான். ஆறு வாரம் கழித்துக் கோயிலுக்கு நடந்து போய், பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது) செய்து, நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கினேன். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வாங்கினேன். உள்ளேயே செத்துப்போச்சு என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

பிறகு என் நாத்தனார் பிரசவத்துக்காகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் எதிரே வந்த மிஸ்ஸி என்னைப் பார்த்து நின்றாள். அன்று என் காலை அவிழ்த்து வைத்த அதே பெண், இங்கே மாற்றலாகி வந்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா? உங்களை மறப்பேனா? அந்தப் பொண்ணுக் கொழந்தையத்தான் மறக்க முடியுமா?" என்றாள்.

"பொண்ணா?"

"ஆமாக்கா. மொதல்ல மூச்சு மட்டும் வந்துச்சு. அப்புறம் பூனக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போயி உங்க வீட்டுக்காரரக் கூட்டியாந்தேன். அவரே டம்ளர்ல தண்ணி மோந்து, பிதா சுதன்னு சொல்லித் தலையில ஊத்துனாரு. சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இருபது நிமிஷம் இருந்துச்சுக்கா. ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தானே போச்சு, கவலப்படாதீங்க."

பாவம், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

எங்கள் வேதத்தில், சாகப்போகிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றிவிட்டால் அது கோயிலின் பிள்ளை. வேலிக்கு உள்ளே கிடக்க வேண்டியவள். ஊற்றியவனே அவளைக் கொண்டுபோய் வெளியே புதைத்திருக்கிறான்!

அடுத்த ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். பட்டறையிலிருந்து அவர் வந்து படியேறியதும் பித்தளைச் செம்பை எடுத்து அடித்தேன். புருவம் பிளந்தது. இன்னொன்று போட்டேன். அவர் கையைத் தூக்கவில்லை.

"ஏன்டா பொய் சொன்ன?" கல்யாணமான நாள்முதல் 'நீங்க' தவிர வேறு சொல்லாதவள் நான்.

"உசுரோட வந்துச்சுன்னு சொன்னா, எடுத்ததாலதான் செத்துச்சுன்னு ஆயிரும்" என்றார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. "கேட்டது நீ. ஒன்னையக் கோயிலுக்குப் புறம்பா தள்ளிருவாங்க. ரெண்டுல ஒன்னையாச்சும் உள்ள வைக்கணும்னு நெனச்சேன் ஞானப்பூ. அது பச்ச மண்ணு, அதுக்கு உள்ளயும் வெளியவும் ஒன்னுதான்னு..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பேரு வச்ச?"

கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார். "ஒம் பேரத்தான். நீ பொழைக்க மாட்டேன்னு நெனச்சிட்டேன்."

செம்பைக் கீழே வைத்தேன். அதே செம்பில் தண்ணீர் எடுத்து அவர் நெற்றியைக் கழுவினேன். கழுவும்போது இரண்டு பேரும் ஓவென்று அழுதோம்.

மறுநாள் காலை நான் மட்டும் சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "செய்ததற்காக மனம் வருந்துகிறாயா, மகளே?" என்று கேட்டார்.

"அவ போனதுக்கு அழுவுறேன் சாமி. நான் இருக்கறதுக்கு அழ மாட்டேன்."

"அதே கட்டிலில் மறுபடியும் கிடந்தால்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய் போதும், நன்மை கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது. "மறுபடியும் அதையேதான் கேப்பேன் சாமி. கேட்டுட்டு மறுபடியும் அழுவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்படியானால் நான் உனக்குப் பாவமன்னிப்புத் தர இயலாது. மேற்றிராணியாருக்கு எழுதுகிறேன். அதுவரை நன்மைக்கு வராதே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்துபோய் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஆரோக்கியத்தின் மகள் ஞானப்பூ என்று எழுதினார். மரணப் புத்தகத்திலும் அதே பெயரை எழுதி, இரண்டிலும் அவள் பிறந்து செத்த அந்த ஒரே நாளைப் போட்டார். தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். வேலியைத் தாண்டி, லாலான் புல்லைக் காலால் விலக்கி, அந்தக் குழி மேட்டைத் தாமே மந்திரித்தார். முழங்காலிட்டு வெகுநேரம் செபித்தார்.

மேற்றிராணியாரிடமிருந்து (பிஷப்) இன்னும் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்காருகிறேன். மற்றவர்கள் நன்மைக்கு எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழி விடுகிறேன். சாமியார் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. டாக்டர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அவரால்தான் இதை எழுத எனக்கு ஒரு கை மிஞ்சியது. உன் கட்டிலில் நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் உனக்காகப் பொய் சொல்ல மட்டும் விடாதே.

உடம்பு தேறிவிட்டது. மழை வந்தால் தையல் இழுக்கும், அவ்வளவுதான். நேரம்தான் முன்போல் இல்லை. உலையில் அரிசி போட்டால் வேக இருபது நிமிடம் ஆகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் துணியை அலசுவேன், பக்கத்து வீட்டில் வம்பளப்பேன். இப்போது அடுப்பை விட்டு நகருவதில்லை. முழுவதும் விழித்துக்கொண்டு நிற்கிறேன். என் மகள் பிறந்து, மூச்சு விட்டு, சத்தம் போட்டு, பெயர் வாங்கி, அப்பன் நெஞ்சில் கிடந்து செத்துப்போனது இவ்வளவு நேரத்துக்குள்தான். அவளுடைய ஆயுள் முழுவதும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.