நஃபீசாவின் முடுக்கும் நகராட்சியின் விளக்கும்

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே கடலோரமாக இருக்கிற அந்த ஊரில் பழைய வீடுகளுக்கெல்லாம் இரண்டு வழி உண்டு. முன்வாசலில் இறங்கினால் தெரு. கடை, பள்ளிவாசல், பைக், அரட்டை எல்லாம் அங்கே. பின்வாசலில் இறங்கினால் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துத்தான் வழிவிட வேண்டும். அதற்கு முடுக்கு என்று பெயர். அது பெண்களுடைய வழி. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அதன் வழியாகவே போய் வந்துவிடலாம். ஆண் பிள்ளைகள் சின்ன வயதில் அதில் ஓடி விளையாடுவார்கள். மீசை அரும்பும் முன்பே அவர்களும் நின்றுவிடுவார்கள். தெருவில் பெண்கள் நடக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. முடுக்கு இருக்கும்போது தெரு எதற்கு என்பதுதான் பேச்சு.

நஃபீசா அப்படியொரு முடுக்கில் பிறந்தவள். ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருந்து, இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கணவர் ஈஸா துபாயில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் வீட்டில் எதையாவது இடித்துக் கட்டுவார். மற்ற நாட்களில் அவர் ஒரு கைபேசித் திரை. நஃபீசா மீன் நறுக்கும்போது அதை மிளகாய் டப்பாமேல் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

அவளைத் துணிச்சல்காரி என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம். அவளுக்குப் பயம் உண்டு. பயத்தைவிட எரிச்சல் கூடுதல், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மற்ற பெண்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக் கொண்டிருக்கும்போது அவள் நேரே கவுன்சிலரைக் கூப்பிடுவாள். கவுன்சிலர் யாசிர் அவளுக்கு ஒருவகையில் மருமகன் முறை; இன்னும் கல்யாணம் ஆகாத பையன். வார்டில் பகுதி சபை அமைக்க வேண்டும், அதில் பெண்கள் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது அவன் முதலில் எழுதியது நஃபீசாவின் பெயரைத்தான். புகார் சொல்கிற வாயை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டுவிட்டால் சத்தம் குறையும் என்று நினைத்திருக்கலாம்.

முதல் கூட்டத்திலேயே அவள் முடுக்கைப் பற்றிப் பேசினாள். ஐப்பசி மழைக்கு அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வெளிச்சமும் கிடையாது. போன மழையில் பக்கத்து வீட்டு பாஹிமா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விளக்கு வேண்டும், தரைக்கு சிமெண்ட் தளம் வேண்டும், ஓரத்தில் தண்ணீர் ஓட ஒரு வாறுகால் வேண்டும். அடுத்த மழைக்குள் வேண்டும். யாசிர் எழுதிக்கொண்டான். அவன் வெறும் வாய்ப்பேச்சுக்காரனும் அல்ல, சோம்பேறியும் அல்ல. நகராட்சியில் அலைந்து மூன்றையும் ஒரே வேலையாகச் சேர்த்து அனுமதியும் வாங்கிவிட்டான்.

விளக்குகள் வந்தன. வந்து நின்ற இடம்தான் விசேஷம். முடுக்கு தெருவோடு சேருகிற முனையில், தங்கதுரை அண்ணாச்சி டீக்கடைக்கு எதிரே, வரிசையாக நான்கு சோலார் விளக்குகள். முடுக்குக்குள் முன்பு இருந்த அதே இருட்டு. டீக்கடை முன்னால் பகல் மாதிரி. இரண்டாம் நாளே யாரோ ஒரு கேரம் பலகையைக் கொண்டுவந்து விளக்கடியில் போட்டார்கள்.

நஃபீசா யாசிரைக் கூப்பிட்டாள்.

"யாசிர், முடுக்குக்குத்தான வெளக்கு கேட்டேன்? கேரம் போர்டுக்கா கேட்டேன்?"

"மாமி, உள்ள எப்படிப் போட? ஆம்பளைங்க வர முடியாதுல்லா? எஞ்சினியரக் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நின்னுதான் பாத்தோம். வயர்மேன் ரெண்டு தடவ இருமிப் பாத்தாரு, யாரும் வாங்கோன்னு சொல்லல. அங்கனயே நட்டுட்டாரு."

"வாசல்ல நின்னா வளைவு வரைக்கும்தான் தெரியும். வளைவுக்கு அங்கிட்டுதான் முடுக்கே இருக்கு."

"எனக்குத் தெரியாதா மாமி? நான் வெளயாண்ட எடம்தான."

"அப்ப நீ அரைக்கால் டவுசர் போட்டிருந்த. அதுக்குப் பொறவு அங்கன என்னெல்லாம் மாறிருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியாது. தான் பார்க்காத ஓர் இடத்துக்காக அவன் மூன்று மாதம் உண்மையாகவே உழைத்திருந்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விளக்கும் தளமும் வாறுகாலும் ஒரே வேலையாக அனுமதி பெற்றவை. உள்ளே அளக்க வழியில்லை என்பதால் விளக்கோடு வேலை முடிந்ததாக எழுதி, மிச்சப் பணத்தை வேறு தெருவுக்கு மாற்றப் போகிறார்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டம் சரி என்று சொன்னால் போதும். அதை யாசிரே சொன்னான். மறைக்கிற பழக்கம் அவனிடம் இல்லை. நஃபீசா அன்று மீனைக் கருகவிட்டாள்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான். மேசைக்குப் பின்னால் யாசிர் உட்கார்ந்திருந்தான். அவன் அருகே நீலப் பருத்திச் சேலையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் இளம்பெண். குப்பை வண்டி நேரம், நாய்க்கடி ஊசி, கடற்கரைக் கழிப்பறைக்குப் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, யாசிர் தொண்டையைக் கனைத்தான்.

"அடுத்தது முடுக்கு வேலை. விளக்கு போட்டாச்சு. மீதி வேலைக்கு உள்ள போயி அளக்க வசதி இல்லாததால, இத்தோட முடிச்சுக்கலாம்னு எஞ்சினியர் மேடம்..."

"மேடமா?" என்றாள் நஃபீசா.

"ஆமா மாமி. இவங்கதான். இந்துமதி மேடம். நம்ம ஏரியா உதவிப் பொறியாளர்."

நஃபீசா அந்த நீலச் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். எஞ்சினியர் வந்தார், எஞ்சினியர் பார்த்தார் என்று கேட்டுக் கேட்டு, பேண்ட் போட்ட ஒரு வழுக்கைத் தலையை அவள் மனதில் உட்காரவைத்திருந்தாள்.

"அன்னைக்கு முடுக்கு வாசல்ல ஒன்கூட நின்னு பாத்துட்டுப் போனது இவங்களா?"

"இவங்கதான்."

"பொம்பளைதான வாப்பா?"

யாசிர் இந்துமதியைப் பார்த்தான். பிறகு நஃபீசாவைப் பார்த்தான்.

"மாமி, அவங்க ஆபீசர்."

பின்வரிசையில் டீ கொண்டுவந்திருந்த தங்கதுரை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். தட்டில் இருந்த கிளாஸ்களெல்லாம் குலுங்கின.

"நான் கேட்டேன் சார்," என்றாள் இந்துமதி. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "உள்ள போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டுமான்னு. 'ஆபீசருங்க யாரும் உள்ள போறதில்ல மேடம், வழக்கம் கிடையாது'ன்னு நீங்கதான் சொன்னீங்க. ஊர் வழக்கம், நாம மீறக் கூடாதுன்னு நானும் வெளியவே நின்னுட்டேன்."

யாசிரை இதற்காகக் கேலி செய்வது எளிது. ஊர் அதை நன்றாகவே செய்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அதுவரை அந்த வாசலில் அவன் பார்த்த அதிகாரிகள் எல்லாரும் ஆண்கள். அதிகாரி என்றால் உள்ளே வராதவர் என்பது அவனுக்குள் ஊறியிருந்தது. ஒருவரை ஒரு சொல்லுக்குள் வைத்துவிட்டால் அந்தச் சொல்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. நஃபீசாவின் வழுக்கைத் தலையும் அதே வகைதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"கூட்டத்த ஒத்தி வையி," என்றாள் அவள். "மேடம், டேப்பு இருக்கா?"

இருந்தது.

ஆண்கள் முடுக்கு வாசலில் நின்றுவிட, நஃபீசாவும் இந்துமதியும் உள்ளே போனார்கள். அளவு நாடாவின் ஒரு முனையை நஃபீசா பிடித்துக்கொண்டாள். பின்வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யாரு லாத்தா இது?" என்று நஃபீசாவிடம் கேட்டாள் பாஹிமா. "யாசிருக்குப் பாத்திருக்க பொண்ணா?"

"எஞ்சினியரு, பாஹிமா. முடுக்க அளக்க வந்திருக்காக."

"எஞ்சினியரா? அப்ப யாசிருக்குக் கெடைக்க மாட்டாக. உள்ள வாங்கோ மேடம், ஒரு வாய் வட்டலப்பம் சாப்பிட்டுட்டு அளக்கலாம்."

அளப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சாப்பிடுவதற்குத்தான் ஆனது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் மனத்தாங்கல் வரும் என்று நஃபீசா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வளைவுக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்ற ஆண்கள் முதலில் பொறுமையாக இருந்தார்கள், பிறகு டீ குடித்தார்கள், பிறகு கேரம் ஆடினார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க இந்துமதி ஒரு வாளி தண்ணீர் கேட்டாள். மேல்முனையில் ஊற்றினார்கள். தண்ணீர் சுவரோரமாக ஓடியது. பாஹிமா வீட்டைத் தாண்டியது. நஃபீசாவின் பின்வாசலில் வந்து நின்றது. போன தடவை ஈஸா வந்திருந்தபோது, நஃபீசாவின் மூட்டுவலிக்காகக் கட்டிய படி அது. பச்சை டைல்ஸ் ஒட்டிய, அகலமான, அழகான படி. முடுக்கில் பாதியை அது எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதில் முட்டி, திரும்பி, பாஹிமாவின் வாசலில் குளம் கட்டியது.

எட்டிப் பார்த்த தலைகளெல்லாம் படியைப் பார்த்தன, பிறகு நஃபீசாவைப் பார்த்தன.

"படி இல்லாட்டாலும் அங்கன தண்ணி நிக்கத்தான் செய்யும்," என்றாள் நஃபீசா. "வேணும்னா இன்னொரு வாளி ஊத்திப் பாருங்கோ."

இன்னொரு வாளி ஊற்றினார்கள். அதுவும் அங்கேயே நின்றது.

பாஹிமா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "கையத் தொங்கப் போட்டுக்கிட்டு அத்தன நாளு திரிஞ்சேனே லாத்தா. ஒங்க பச்சை டைல்ஸுக்கா?"

"எனக்கென்னளா தெரியும்? நான் படியில எறங்குறவ. நீதான தண்ணில எறங்குறவ."

"இத எடுக்காம வாறுகால் போட முடியாது மேடம்," என்றாள் இந்துமதி, மெதுவாக. "அதான் ஒரே தடை."

நஃபீசா கைபேசியை எடுத்து ஈஸாவைக் கூப்பிட்டாள். அவர் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"படிய இடிக்கணுமாம்."

"எந்தப் படி? நான் கட்டுனதா? கூடவே நின்னு பாத்துக் கட்டுனதுல்லா அது!"

"நீங்க முடுக்குல நின்னா பாத்திய? அடுப்படிக்குள்ள நின்னுல்லா பாத்திய! கொத்தனாரு உள்ள இருந்து எட்டி எட்டிக் கட்டுனாரு. தண்ணி எங்கிட்டுப் போவும்னு ரெண்டு பேருக்கும் தெரியல."

திரையில் ஈஸா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஒன் மூட்டுக்குத்தான் நஃபீசா கட்டுனேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சின்னதா ஒரு கல்லு போட்டுக்கிடுதேன். போன வச்சிருதேன்."

அவள் முழு மனதோடு சம்மதித்தாள் என்று எழுத முடியாது. பாஹிமா வீட்டுத் துணி துவைக்கிற கல்லும் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாள். அந்தக் கல் யார் வழியிலும் இல்லை. பாஹிமா கொஞ்சம் முறைத்துவிட்டுச் சரி என்றாள். தனியாக இழப்பதைவிடத் துணையோடு இழப்பது நஃபீசாவுக்குச் சுலபமாக இருந்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

ஒத்திவைத்த கூட்டம் அன்று மாலையே கூடியது. இந்த முறை பெண்கள் பக்கத்தில் நாற்காலிகள் போதவில்லை. வேலை முடியவில்லை என்று தீர்மானம் எழுதப்பட்டது. விளக்குகளைக் கழற்றி முடுக்குச் சுவர்களில் மாட்டுவது, தளம் போடுவது, வாறுகால் கட்டுவது எல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்டன. தங்கதுரை அண்ணாச்சி ஒரு விளக்கையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். "ஏவாரம் பிச்சிக்கிட்டுப் போவுது மேடம்," என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு, நான்கும் முடுக்குக்கே என்று எழுதினார்கள்.

கட்டுகிறவர்கள் ஆண்கள். அவர்கள் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வேலை முடிகிற வரைக்கும் முடுக்கு கொத்தனார்களுக்கு. பெண்கள் முன்வாசல் வழியாகத் தெருவில் போய் வருவார்கள்.

முதல் நாள் காலை பாஹிமாவும் நஃபீசாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து தெருவில் இறங்கியபோது, கேரம் பலகைக்காரர்கள் எழுந்து பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். பள்ளிவாசல் பக்கம் போனால் அங்கேயும் பெண்கள். கடற்கரைப் பக்கம் போனால் வெயில். டீக்கடை பெஞ்சு காலியானது. பாஹிமா அதில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, சீனி கம்மியா ஒரு டீ," என்றாள். அண்ணாச்சிக்கு ஒரு நிமிடம் கை ஓடவில்லை, பிறகு ஓடியது. மீன்காரர் தட்டில் இருக்கிற சீலா மீன் எவ்வளவு பெரியது என்பதை நஃபீசா முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்துப் பேரம் பேசினாள். இதுவரை அவர் பின்வாசலுக்குக் கொடுத்தனுப்பியவை சின்ன மீன்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதை அவரிடம் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் யாசிர் கூப்பிட்டான். குரலில் கெஞ்சல் இருந்தது.

"மாமி, தளம் போட்டாச்சு. வெளக்கும் மாட்டியாச்சு. வாறுகால்ல தண்ணி சும்மா பாயுது. நாளைக்கே தொறந்துரலாம்."

"சிமெண்ட்டு எறுக வேண்டாமா?"

"எறுகிருச்சு மாமி."

"நீ சொன்னா ஆச்சா? எஞ்சினியரம்மாவக் கேப்போம். லைன்லயே இரு."

இந்துமதி அலுவலகத்தில் இருந்தாள். பக்கத்தில் யாரோ எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், புதுத் தளம் எத்தன நாளு நனையணும்?"

"ஒரு வாரம் நனைஞ்சா போதும் மேடம்."

"பத்து நாளு நனைஞ்சா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "நல்லதுதான். இன்னும் கெட்டியா இருக்கும்."

"கேட்டியா யாசிர்? நல்லா நனையட்டும்," என்று சொல்லிவிட்டு நஃபீசா கைபேசியை வைத்தாள். பாஹிமா வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, முன்வாசல் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.