பொருள் தேடிய வளர்மதி அக்கா

மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாணம். கெட்டிமேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. பந்தி நடக்கும்போது எடுத்துப் பார்த்தால் ரவி அண்ணனிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன். "உங்க அக்கா போயிட்டாடா சேகரு" என்றார். மணமக்கள் சாப்பிடுவதைப் படம் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பெண்ணின் அப்பா, ரசம் காரமா என்று கேட்டார்.

கள்ளக்குறிச்சியிலும் சுற்றுப்பட்டிலும் கல்யாணம் செய்துகொண்ட உங்களில் பாதிப் பேர் வளர்மதி அக்காவின் கேமராவுக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். "தலையத் தூக்கும்மா, கல்யாணந்தான ஆவுது, தப்பு ஒண்ணும் பண்ணலியே" என்று அவர் அதட்டியதும் நினைவிருக்கும். அவரும் அவர் கணவர் ரவி அண்ணனும் நடத்திய ஸ்டூடியோவில்தான் நான் தொழில் கற்றேன். ஆனால் அக்கா கடைசி ஆண்டுகளில் ஓர் ஆவணப்படம் எடுத்தது பலருக்குத் தெரியாது. உலக மதங்களைப் பற்றிய படம், வாழ்க்கையின் பொருளைத் தேடும் படம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வார். ஒலிப்பதிவு செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது ஒரு தாய் தன் மகளைத் தேடிய படம்.

அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கோர் ஆறுதல் சொன்னார்கள். சாமி கூப்பிட்டுக்கொண்டது, நல்ல இடத்தில் இருக்கிறாள், திரும்பப் பிறப்பாள். எல்லாரும் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். "இவுங்களுக்கெல்லாம் இத யாருடா சொன்னது? சொன்னவங்களயே போயி கேப்போம். மைக்க எடு." பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மைக்கை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

ஆவணப்படம் என்றால் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். அதனால் முதல் கேள்வி எப்போதும் மேடைத் தமிழில் வரும்: "வாழ்க்கையின் பொருள் என்ன?" பதில் முடிந்ததும் அடுத்த கேள்வி அவருடைய சொந்தத் தமிழில் வரும்: "எம் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

ரிஷிவந்தியத்தில் ஒரு குருக்கள் பொறுமையாக, ஆன்மாவுக்கு அழிவில்லை என்று விளக்கினார். "அழியாதத வெச்சிக்கினு நான் இன்னா சாமி பண்றது? கண்ணாடி முன்னால தல வாரிக்கினு நின்னாளே, அவ வேணும்" என்றார் அக்கா. ஒரு பள்ளிவாசலில் அஜ்ரத், பிள்ளை என்பது நம்மிடம் கொடுத்து வைத்த அமானிதம், கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொண்டான் என்றார். "ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?" அந்த மனிதர் வாதாடவில்லை. எங்களுக்கு டீ வரவழைத்தார். குடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். கர்த்தரிடம் பத்திரமாக இருக்கிறாள் என்று சொன்ன போதகரிடம் அக்கா, "சாப்ட்டாளா?" என்று கேட்டார். எனக்கு ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது.

கல்வராயன் மலைக்குப் போனது அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமிகளைப் பற்றிக் கேட்க. வெள்ளிமலை தாண்டி ஓர் ஊரில் வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அக்கா மைக்கை நீட்டினார். "வாழ்க்கையின் பொருள் என்ன?"

அந்தப் பெண் எங்களை வியாபாரி என்று நினைத்துவிட்டாள். "பொருளுங்களா? இப்போதிக்கு கடுக்காதான் இருக்குது. மரவள்ளி இன்னும் புடுங்கல. உங்களுக்கு இன்னா பொருளு வேணும்?"

அக்கா சிரித்தார். தேன்மொழி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே கோணிக்கொண்டது. "எம் பொண்ணு வேணும்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கேட்ட சரக்கு கையில் இல்லாதவர்கள் சொல்வது போலவே, "அது எங்கிட்ட இல்லியேம்மா" என்றாள்.

இறங்கும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "அத்தினி பேரும் இருக்குது இருக்குதுன்னாங்க. இவ ஒருத்திதான்டா இல்லன்னா." படத்தை இதோடு முடித்துவிடலாம் என்று நான் வாயைக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இல்லன்னு முடிக்கவாடா இவ்ளோ தூரம் அலஞ்சேன்? எம் பொண்ணுக்கு இன்னும் பதில் வரல." பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகும் கேட்டார். புற்றுநோய் என்று தெரிந்த பிறகும், ஊசிக்கும் மாத்திரைக்கும் நடுவே, யாராவது ஒரு மதப் பெரியவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்றால் கிளம்பிவிடுவார். கோபமும் கேள்வியும் குறையவே இல்லை. உடம்புதான் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எந்தச் சாமியையும் கும்பிடாதவன் என்பது அவருக்குத் தெரியும். "அவுங்க சொன்னத பூராவும் காதுல மாட்டிக்கினு கேட்டவன் நீதான். சொல்லுடா. பாப்பாவ பாப்பேனா?"

"பாப்பீங்கக்கா."

அத்தனை பெரியவர்களையும் மடக்கியவர் என்னையும் மடக்குவார் என்று காத்திருந்தேன். மடக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி, "நிசமாவா?" என்றார்.

"நிசமா" என்றேன். கையை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

படத்தை முடித்துத் தரச் சொல்கிறார் ரவி அண்ணன். எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவை அறிந்த உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவரிடம் நான் சொன்ன 'நிசமா' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. அது பொய்யாகிவிடக் கூடாது. யாரை வேண்டுவது என்று தெரியாததால் அந்தப் பிள்ளையையே வேண்டிக்கொள்கிறேன். தேன்மொழி, உங்கம்மா வந்துகினு இருக்காங்க. அவுங்களுக்கு வழி தெரியாது. எங்க இருந்தாலும் எதிர்ல வந்து கூட்டிக்கினு போ.