நான்கு தெரு நடக்க நூறு வழி

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கணக்கே போடறதில்லைங்க. கட்டம் போட்ட நோட்டு முழுக்கக் கோடா இழுத்து வச்சிருக்கா. வீட்டுல கொஞ்சம் பாருங்க" என்றார். ஆவடி குவார்ட்டர்ஸ் வந்து சேரும் வரை அந்த "வீட்டுல பாருங்க" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு ஏதாவது குறையா? நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையா?

மாலையில் நோட்டைப் பிரித்தேன். பக்கம் பக்கமாக, கட்டங்களின் மேல் மடங்கி மடங்கிப் போகும் கோடுகள்.

"என்னடி இது?"

"நம்ம வீட்டு முனையிலேருந்து நாலு தெரு நடக்கணும்மா. ஒரு முனையிலேருந்து அடுத்த முனை வரைக்கும் ஒரு தெரு. ஒரு தடவை போன முனைக்குத் திரும்பப் போகக் கூடாது. எத்தனை விதமாப் போகலாம்னு வரைஞ்சேன். நூறு."

எங்கள் தெருக்களும் அந்த நோட்டைப் போலத்தான், குறுக்கும் நெடுக்குமாக. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். முதல் தெருவுக்கு நான்கு வழி. வந்த வழியே திரும்பக் கூடாது என்பதால் அடுத்த மூன்றுக்கும் மும்மூன்று வழி. பெருக்கினால் நூற்றெட்டு.

"எட்டு விட்டுட்டே" என்றேன்.

"இல்லம்மா, நூறுதான்."

"டீச்சர் சொல்றது சரிதான். சொன்னாக் கேக்கறதில்ல."

அவள் அழவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தாள். அடுத்த இரண்டு நாளும் ஒரு கோடுகூட வரையவில்லை. டீச்சர் கேட்டதும் அதைத்தான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் பள்ளிக்குப் போனதும், அவள் விட்ட எட்டு வழிகள் எவை என்று கண்டுபிடிக்க நானே நடந்து பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் இடப்பக்கம் திரும்பினேன். நான்காவது தெரு முடிந்தபோது எங்கள் வீட்டு முனையிலேயே நின்றேன்.

கீரைக்காரம்மா கூடையை இறக்கியபடி, "இன்னாம்மா, போன வேகத்துல வந்துகினு கீறே? ஊட்டப் பூட்டலியா?" என்றாள்.

புறப்பட்ட முனையும் போன முனைதானே. எந்தத் திசையில் புறப்பட்டாலும், இடமாகச் சுற்றி வந்தால் ஒன்று, வலமாகச் சுற்றி வந்தால் ஒன்று. நான்கு திசைக்கும் சேர்த்து எட்டு. எட்டும் செல்லாதவை.

சாயங்காலம் அவள் ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "நூறுதான்டி. அம்மாதான் தப்பு."

அவள் நோட்டையும் பென்சிலையும் எடுத்து என்னிடம் நீட்டினாள். "அந்த எட்டு எது எதுன்னு வரைஞ்சு காட்டு."

வரைந்தேன். ஆறாவதாக, ஏற்கெனவே வரைந்த ஒன்றையே மறுபடியும் வரைந்துவிட்டேன். அவள் பென்சிலை வாங்கி அதன்மேல் ஒரு கோடு அடித்தாள்.

"இங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க. இப்படிப் பாரும்மா" என்று என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.