பார்த்தேன் என்று சொன்னவன்

கண்ணுகளா, ஒரு நாடகப் புத்தகத்தைக் கையில் எடுத்ததால் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன். உங்கம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். புத்தகத்தால் வந்தது என்று எப்படிச் சொல்வது? குடித்துவைத்தேன்.

எங்கள் டீ ஃபேக்டரியில் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுவது என்று முடிவானது. எலக்ட்ரீஷியன்தான் டைரக்டர். குன்னூர் நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்ததும் அவரே. என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று ஒவ்வொருவர் வசனத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கும் வேலையை என்னிடம் தள்ளினார். போனில் படம் பிடித்து அனுப்பினால் போதாதா என்றேன்.

"நம்மாளுங்க பாதிப் பேருக்கு அந்த எழுத்து எறும்பு மாதிரிங்க," என்றார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

கதை சின்னதுதான். ஒரு கோழி காணாமல் போகிறது. பக்கத்து வீட்டுக்காரன் பிடித்துப் போனதைப் பார்த்தேன் என்று ஒருவன் ஊரார் முன்னால் சொல்லிவிடுகிறான். உண்மையில் அவன் பார்க்கவில்லை. ஊரே அந்தப் பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறது. எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரர் பாருங்கள், பொய் சொன்னவனைக் கெட்டவன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவன் மழையில் நடுங்கும் கன்றுக்குட்டிக்குத் தன் துப்பட்டியைப் போர்த்துகிறான். பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் தானே ரசம் வைக்கிறான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. அப்படிப் பிடிக்கவைத்துவிட்டு, கடைசிக் காட்சியில் அவனை ஊர் நடுவில் நிறுத்தி இரண்டே வரி பேச வைக்கிறார்.

"நான் பார்க்கலைங்க. பார்த்தேன்னு சொன்னேன்."

அழுகையும் இல்லை, மார்பில் அடித்துக்கொள்வதும் இல்லை. அதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது.

ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் நானும் அப்படி ஒன்றைச் சொல்லியிருந்தேன். பறித்து வந்த கொழுந்தை ஃபேக்டரி மாடியில் பரப்பி, ஃபேன் காற்றில் வாடவிடுவோம். ஒரு மத்தியானம் ஃபேன் நின்றுபோய்க் கொழுந்தெல்லாம் சூடேறிச் சிவந்துவிட்டது. மாடியில் வேலை பார்த்தவர் என் கூட்டாளி. மணிக்கொரு தரம் ஏறிப் பார்க்க வேண்டியவன் நான். குளிருக்குச் சோம்பிக்கொண்டு, அன்று பாதிப் படியிலேயே திரும்பிவிட்டேன். ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் என்னைத்தான் முதலில் கேட்டார். பயத்தில், "அவர் தூங்கிட்டு இருந்தாருங்க, பார்த்தேன்," என்றேன். படியிலிருந்து எனக்குத் தெரிந்தது ஸ்டூல் மேல் கிடந்த அவர் கம்பளி மட்டும். அவர் அந்தப் பக்கம் ஃபேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம். சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. விறகுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். தூங்குமூஞ்சி என்று பேரும் வந்தது. என்னோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

எழுதியவர் எங்கள் ஃபேக்டரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். என் மனசு மட்டும் அவருக்கு எப்படித் தெரிந்தது?

பொய் சொன்னவன் வேஷம் கூட்டாளிக்குத்தான் கிடைத்தது. நல்ல குரல் அவருக்கு. கேன்டீனில் ஒத்திகை. கடைசிக் காட்சி வந்ததும் அந்த இரண்டு வரியையும் முழங்கினார்.

"ஏனுங்க, ஓட்டுக் கேட்கவா போறீங்க? மெதுவாச் சொல்லுங்க," என்றார் எலக்ட்ரீஷியன்.

"பொய் சொல்லிப் பழக்கமில்லீங்களே, எப்படி வரும்?" என்றார் கூட்டாளி. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "புத்தகத்தை வெச்சுட்டு நிக்கிறாரே, அவரைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்க. அவருக்கு நல்லா வரும்."

படித்தேன். முதல் வரியிலேயே குரல் உடைந்துவிட்டது. இரண்டாவதை எப்படியோ முடித்தேன்.

"அடேங்கப்பா! இவரைப் போய்த் திரைக்குப் பின்னால நிக்க வெச்சுட்டோமே!" என்று எலக்ட்ரீஷியன் கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளி சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு டீ மேக்கர் அறைக்குப் போனேன். ஆரம்பித்த விதம் அசிங்கம். "அன்னிக்கு ஒரே மஞ்சு மூட்டமுங்க, வெளிச்சம் பத்தலைங்க..." என்று இழுத்தேன். டீ மேக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். நாடகம் எழுதியவர் ஏன் இரண்டு வரியோடு நிறுத்தினார் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது வரி வந்தால் அது சாக்குப்போக்கு. அந்த இரண்டு வரியையும் அப்படியே சொன்னேன்.

கூட்டாளி அன்றைக்கே மாடி வேலைக்குத் திரும்பினார். என்னை ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "அந்த வேஷம் என்னுதுங்க. நீங்க பாட்டுக்கு எடுத்துக்காதீங்க." சிரிப்பாரோ என்று பார்த்தேன். படியேறிப் போய்விட்டார்.

இப்போது வழியில் பார்த்தால், "சாப்டீங்களா?" என்று கேட்கிறார். நம்ம வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் நான் போய்க் கூப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.