‘சால்ட் எலிவேட்டர்’: கடைசி நாலு நிமிடம்

1980 மார்ச் 8. கசெட் பதிவு, ரூபா 35.
1996 ஜூலை 2. ரெக்கோடருக்கு ரப்பர் பெல்ட், ரூபா 120.
2025 ஏப்ரல் 22. தபால் முத்திரை, ரூபா 250.
2025 ஜூன் 17. பதிவுத் தபால், ரூபா 1,940.

மைக்கல் தன் வாழ்நாளில் பாட்டுக்கென்று செலவழித்தது இவ்வளவுதான். அதுவும் ஒரே இசைத்தட்டுக்காக.

மாத்தளையில் மிளகாய் மில் வைத்திருப்பவர் அவர். பைலாவுக்கு ஆடியதில்லை, சினிமாப் பாட்டை முணுமுணுத்ததில்லை. ‘சால்ட் எலிவேட்டர்’ என்று இங்கிலாந்து ரொக் குழு ஒன்று போட்ட பரிசோதனை இசைத்தட்டில்தான் அவர் விழுந்தார். நண்பர் இப்திகார், பாட்டுப் பதிந்து விற்கும் தன் ரெக்கோடிங் பார் கடையில் அதைக் கசெட்டில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஓர்கன் ஏழு ஏழாக அடியெடுத்து நடக்கும். நடுவில் குழாய் சொட்டும், யாரோ ரயில் நிலையப் பெயர்களை வாசிப்பார்கள், கிற்றார் பின்னோக்கி ஓடும்.

மில்லில் தும்மிக்கொண்டு நிற்கும் பெண்கள் கேட்பார்கள்: “அண்ணே, மெசின் பழுதாப் போச்சா, இல்ல இதுதான் பாட்டா?”

“பாட்டுதான். ஏழு ஏழா எண்ணிப் பாருங்க, புடிபடும்.”

அவருக்கு உயிர் கடைசி நாலு நிமிடம். ஓர்கன் தேய்ந்து அடங்கியதும் எங்கிருந்தோ நாதசுரமும் தவிலும் புறப்பட்டு வரும், அதே ஏழில். “வெள்ளக்காரன் எப்பிடி யோசிச்சிருக்கான் பாத்தியா!” என்று மனைவி சவரியம்மாவிடம் சொல்லாத நாள் குறைவு.

சென்ற ஆண்டு மருமகள் நிஷாந்தினி, அந்த ஓர்கன்காரரின் முகவரியைப் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். மைக்கல் நாதசுரத்தைப் பாராட்டி எழுதினார். பதில் வந்தது: “எங்கள் தட்டில் அப்படி ஒரு வாத்தியமே கிடையாது, ஐயா.” நிஷாந்தினி மூலப்பதிவைப் போனில் போட்டாள். ஓர்கன் அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை.

மைக்கல் நேரே இப்திகாரிடம் போனார். அவர் இப்போது அதே கடையில் போன் கவர் விற்கிறார்.

“டேப் மிஞ்சிச்சி மச்சான். வெறும் டேப்ப வுட்டா ஆக்கள் சண்டைக்கி வருவாங்க. முந்தின கெழம மாரியம்மன் தேர் கட வாசலால போக்குள்ள மைக்க நீட்டிப் புடிச்சது கைவசம் ஈந்திச்சி. அதப் போட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா!”

“நீதானே ஓடி வந்து, முடிவு அபாரம்னு கையப் புடிச்சாய். கெடுப்பானேன்?”

அதன்பின் மைக்கல் கசெட்டைத் தொடவில்லை. “நம்ம ஊர்த் தேர் மேளத்தக் கேட்டு இத்தன வருசம் வெள்ளக்காரனப் புகழ்ந்திருக்கேன். எனக்குப் பாட்டே வெளங்கல போல” என்றார்.

சவரியம்மா சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். “அந்த இரைச்சல் எனக்கு என்னைக்கும் புடிக்காதுங்க. ஆனா கடைசியில மேளம் வந்தா கைவேலைய விட்டுட்டுக் கேப்பேன். ரெண்டும் ஒட்டுதுன்னு சொன்னது உங்க காதுதானே? அந்தாளுக்கு அனுப்புங்க. ஒட்டலைன்னா அவரே சொல்லட்டும்.”

தேர் மேளம் சேர்ந்த கதையையும் எழுதி, கசெட்டைப் பிரதி எடுத்து அனுப்பினார். அதன்பின் தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் மில்லை நிறுத்தினார்.

பதில் சுருக்கமாக இருந்தது. குழுவில் மூன்று பேர்தான் மிச்சம்; மூவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்களாம். மேளம் தொடங்கியதும் அவர்களுடைய டிரம்காரர் மேசையில் ஏழு தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாராம். அந்தத் தவில்காரரின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

மைக்கல் கடிதத்தை இப்திகாரின் முன்னால் விரித்தார்.

“பேரா? தேர் போற நெரிசல்ல எவன்டா பேர் கேட்டான்!” என்றார் இப்திகார். ஆனாலும் கடையைப் பூட்டினார். இருவரும் விசாரிக்கக் கோயிலுக்கு நடந்தார்கள்.

ஓர்கன்காரரின் அந்த இரண்டாம் கடிதம் மாத்தளைக்கு வந்த தேதி: 2025 ஆகஸ்ட் 21.