மீமிசல் ஊர்வலத்தில் அப்பாவின் விரல்கள்

எங்கப்பா ஜாஸ் வாசித்தவர். இதைப் புதுக்கோட்டையில் சொன்னால், "அப்படியா, பேண்டு செட்டுன்னுல்ல நெனச்சோம்" என்பார்கள். அதுவும் சரிதான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அதே சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாக்ஸபோன் வாசித்தார். ஆனால் அதற்கு முன்னால் பத்து வருடம் வெளிநாட்டுப் பயணக் கப்பல்களில், வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஆடுவதற்கு, ஜாஸ் வாசித்தவர். அங்கே பிடித்த கெட்ட பழக்கம் ஒன்று கடைசிவரை அவரை விடவில்லை. கேட்ட சினிமாப் பாட்டை இரண்டு வரி ஒழுங்காக வாசிப்பார். மூன்றாவது வரியில் கழன்றுகொள்வார்.

"அண்ணே, பாட்டு எங்கண்ணே?" என்று கல்யாண வீட்டுக்காரர் ஓடி வருவார்.

"வந்துக்கிட்டு இருக்கு. நீ முன்னால நட."

திருவரங்குளத்தில் ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர்வரிசை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் கழித்துத்தான் சாக்ஸபோன் போய்ச் சேர்ந்தது. முச்சந்தியில் நின்று வாசிப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். பிள்ளைக்குக் காது குத்தி, அது அழுது, தூங்கியும் போய்விட்டது. ஜாஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "ஊருக்குப் போற கடைசி பஸ்ஸ விட்டுட்டு, சந்தோசமா நடந்து போறது" என்பார். கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

நானும் சாக்ஸபோன்தான் வாசிக்கிறேன், கல்யாண வரவேற்புகளில். பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, வரிசையில் இருப்பவர்கள் பந்தி எப்போது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, யாருமே கேட்காத இசையை இரண்டரை மணி நேரம் வாசிப்பது என் தொழில். ஆரம்பத்தில் ஒரு பெரிய மனிதர், "பொம்பளப் புள்ள வாய வச்சு ஊதுற சாமானாம்மா இது?" என்று கேட்டார். "வேற எத வச்சு ஊதச் சொல்றீங்க?" என்றேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும்.

வாய் இவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அது மூடிக்கொள்ளும். நான் பிறந்தபோதுதான் அப்பா கப்பலை விட்டார். லீவில் வந்தவர், தொட்டிலைப் பார்த்தார், திரும்பிப் போகவில்லை. சொந்தக்காரர்கள் இதை ஒரு விசேஷம் விடாமல் என் காதுபடச் சொல்வார்கள். "ராசா மாதிரி கப்பல்ல இருந்த மனுசன். இவ பொறந்தா, இங்கிட்டு வந்து எழவு வீட்டுல ஊதுறாரு." பத்து வயதில் நான் நேராகவே கேட்டேன், என்னால்தான் வந்தீர்களா என்று. "கப்பல்ல சோறு சரியில்ல" என்றார். அப்பா எதை மறைத்தாலும் இப்படித்தான் கேலியில் மறைப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் இங்கே சந்தோஷமாக இருந்தாரா, அல்லது என்னைச் சுமந்துகொண்டு பல்லைக் கடித்தாரா என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அவர் வாசிப்பை இப்போது திரும்பக் கேட்டாலாவது தெரிந்திருக்கும். ஆனால் அவர் எதையும் பதிவு செய்ய விட்டதில்லை. டேப் ரெக்கார்டரை எடுத்தாலே, "வாசிச்சது வாசிச்சதுதான். அதப் புடிச்சு டப்பாவுல அடைக்காத" என்று எழுந்து போய்விடுவார். கல்யாண வீடியோக்களில் இருப்பாரே என்று தேடினேன். இருந்தார். ஆனால் நம் ஊர் வீடியோக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியும்தானே? ஊர்வலம் வந்ததும் உண்மையான சத்தத்தை வெட்டிவிட்டு ஒரு சினிமாப் பாட்டை மேலே ஏற்றிவிடுவார்கள். எங்கப்பா உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருப்பார். கேட்பது யாரோ ஒரு பாடகரின் குரலாக இருக்கும். படுபாவிகள்!

இந்த நிலைமையில்தான் போன மாசி மாதம் மீமிசலிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். மீன் வியாபாரம் பார்க்கிற குடும்பம்.

"என் மகளுக்குக் கல்யாணம் தங்கச்சி. எங்க கல்யாணத்துக்கு ஒங்கப்பாதான் வாசிச்சாரு. மகளுக்கு நீதான் வாசிக்கணும். ஊர்வலத்துக்கும் வரணும், ஆமா."

நான் ஊர்வலத்துக்குப் போவதில்லை. வெயில், புழுதி, வெடிச்சத்தம். சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "எங்க வீடியோவுல ஒங்கப்பா கையி அம்புட்டு அழகாத் தெரியும்" என்றார்.

"வீடியோவ அனுப்புங்கக்கா. வாரேன்."

வீடியோ வந்தது. வழக்கம்போல மேலே சினிமாப் பாட்டு. திரையின் மேல்பாதியில் ஓர் இதயம், அதற்குள் பொண்ணு மாப்பிள்ளையின் முகங்கள், சுற்றிலும் ரோஜாப்பூ மழை. அந்த இதயம் எங்கப்பாவின் தலையைச் சரியாக மறைத்திருந்தது. ஆனால் கீழ்ப்பாதியில், திரை நிறைய, சாக்ஸபோனின் மேல் அவருடைய இரண்டு கைகள். முழுதாக ஒரு நிமிடத்துக்கு மேல். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அப்பாவின் கைகளை நான் மறந்துபோயிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. சாக்ஸபோனில் எந்த விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று தெரிந்தால் சுரம் தெரிந்துவிடும். நான் அந்த ஒரு நிமிடத்தை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, மூன்று வாரம் உட்கார்ந்து எழுதி எடுத்தேன். மூன்று சுரம் மெல்ல ஏறும். மேலே போய் நீளமாக நிற்கும். பிறகு தொய்ந்து விழும். திரும்பவும் ஏறும், நிற்கும், விழும். இப்படியே ஏழு தடவை. எட்டாவதில் ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போய் முடிந்துவிடும். அதை மெதுவாக வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான். கப்பலை விட்ட மனிதரின் மனசு இதுதான். எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை, விழுகிறார். ஊர் கூடிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தில், யாருக்கும் தெரியாமல், தன் துக்கத்தை வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் காரணமான மகராசி நான்.

எங்கள் திருக்கோகர்ணம் வீட்டில் தினமும் இதைப் பழகினேன். நாலாவது நாள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"ஏன்டி, கல்யாணத்துக்குப் போறியா, கருமாதிக்குப் போறியா?"

"இது அப்பா வாசிச்சதும்மா."

"ஒங்கப்பனா? இதையா?" என்றார். "ம்க்கும்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனிதரின் மனசு இவருக்குத் தெரியவில்லையே என்று அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். எனக்கு வாய்க்கொழுப்போடு மண்டைக்கொழுப்பும் உண்டு.

கல்யாணத்தன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட், நடுவில் நான், பின்னால் பூச்சரம் போட்ட காரில் பொண்ணும் மாப்பிள்ளையும். கடல் காற்றில் என் பட்டுச்சேலை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தோம். மண்டபத்துக்கு முந்தின திருப்பத்தில் கையைத் தூக்கிப் பேண்டு செட்டை நிறுத்தினேன். அக்காவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். "இது எங்கப்பாவுக்காக" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

மூன்றாவது தடவை விழும்போது லேசாகக் கண்ணைத் திறந்தேன். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கள் பக்கம் பிணம் போகும்போதுதான் அப்படிச் செய்வார்கள். கார் டிரைவர் என்னவோ ஏதோ என்று இஞ்சினை அணைத்துவிட்டார்.

அக்கா விடுவிடு என்று என்னிடம் வந்தார். "தங்கச்சி, யாரும் செத்துட்டாங்களா?"

"அக்கா, இது ஒங்க கல்யாணத்துல எங்கப்பா வாசிச்சது. வீடியோவுல பாத்து எடுத்தேன்."

"இதுவா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி கூறுகெட்ட புள்ள! அது காரும்மா!"

"எந்தக் காரு?"

"எங்க கல்யாணத்துக்கு வந்த வாடகைக் காரு. இதே ரோட்டுல மணல்ல நின்னுபோச்சு. டிரைவரு சாவியத் திருக்குறாரு. கிர்ர்ர், கிர்ர்ர்ங்குது, அப்படியே செத்துருது. பொண்ணு ஏறுன காரு நின்னா ஊரு என்ன பேசும்னு ஒனக்குத் தெரியாதா? எங்க மாமியா மொகத்தத் திருப்பிக்கிட்டாக. 'ராசியில்லாத பொண்ணு'ன்னு ஒரு கெழவி ஆரம்பிச்சிருச்சு. நான் உள்ள ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் ஒங்கப்பா காருக்கு முன்னால வந்து நின்னாரு. காரு கிர்ர்ர்ருன்னா, அவரும் சாக்ஸபோன்ல கிர்ர்ர்ருங்குறாரு. அச்சு அசல் அதே சத்தம்! காரு செத்தா அவரும் செத்துருவாரு. மறுபடி காரு, மறுபடி அவரு. மொத்த ஊரும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது. எங்க மாமியாளுக்கே அடக்க முடியல. வெத்தலச் சாறு அவுக பட்டுச்சேலையெல்லாம் தெறிச்சுப்போச்சு. அதோட அந்தப் பேச்சு போச்சு தங்கச்சி. அன்னைக்கு அவரு மட்டும் இல்லைன்னா நான் காலத்துக்கும் அந்தச் சொல்லச் சுமந்திருப்பேன்."

அக்காவின் வீட்டுக்காரர் அதற்குள் வந்து சேர்ந்துகொண்டார். "நாங்க காரத் தள்ளுறது தெரியக் கூடாதுன்னுதான் வீடியோக்காரன் கேமராவ ஒங்கப்பா கையில வச்சான். வச்சவன், பூவக் கொட்டி, ஸ்லோமோஷன் வேற போட்டு விட்டுட்டான்."

ஸ்லோமோஷன்! எனக்குக் காது சூடாகிவிட்டது. வாசிப்பே தொழிலாக இருக்கிற எனக்கு இது தோன்றவில்லை. போதாததற்கு நாக்கு. சாக்ஸபோனில் விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு நாக்கால் வெட்டி வெட்டி ஒரே சுரத்தைச் சடசடவென்று பொரிக்கலாம். வீடியோவில் விரல் தெரியும், நாக்கு எங்கே தெரியும்? அவர் நாக்கால் காரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்த இடத்தில்தான் நான் பெருமூச்சு விட்டிருக்கிறேன். எட்டாவது தடவை உச்சிக்கு ஓடியது முக்தி இல்லை. கார் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

"வாசி தங்கச்சி, வேகமா வாசி" என்றார் அக்கா.

வாசித்தேன். இரண்டு மடங்கு வேகத்தில், நாக்கால் வெட்டி. முதல் கிர்ர்ர்ரிலேயே டிரைவர் பதறிக் கீழே இறங்கி பானட்டைத் திறந்துவிட்டார். ஊர் சிரித்தது. மூன்றாவதில் என் நாக்கு தடுமாறியது. ஐந்தாவதில் மூச்சு அறுந்தது. இருபத்தைந்து வருடமாக வாசிக்கிறேன், எங்கப்பா விளையாட்டாக ஊதியதை என்னால் ஊத முடியவில்லை. அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. பெருசுகள் "கிர்ர்ர், கிர்ர்ர்" என்று வாயாலேயே காரைக் கிளப்பி மண்டபம்வரை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வாசலில் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒதுங்கி வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, மீமிசல் கல்யாணம் ஒண்ணு, அப்பா காரு மாதிரி வாசிச்சாராமே..."

"காரத் தள்ளுன கல்யாணமா?" அம்மாவுக்குப் போனிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "வேட்டியக் கிழிச்சுக்கிட்டு வந்து வாசல்லயே நின்னு அப்படியே வாசிச்சுக் காட்டுனாருடி. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொறையேறிப் போச்சு. 'கப்பல்லயே கெடந்திருந்தா இப்படி ஒரு காரு எனக்குக் கெடச்சிருக்குமாடி'ன்னாரு."

சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்பா வருத்தப்பட்டதே இல்லையாம்மா? கப்பல விட்டதுக்கு? என்னால?"

"வருத்தமா? அந்த மனுசனா? கப்பல்காரவுக மூணு தடவ லெட்டர் போட்டுக் கூப்பிட்டாக. மூணையும் அடுப்புல போட்டாரு."

"இத ஏம்மா நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்கடி கேட்ட?" என்றார் அம்மா. "ஊர்க்காரவுக சொன்னத நம்பிக்கிட்டு, நீயா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்த. அவருக்கு ஒங்கிட்ட அது ஒண்ணுதான் வருத்தம்."